உங்கள் வீட்டு மேப்பிள் எந்த மேப்பிள்? காம்பை ஒடித்துப் பாருங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் போன வருடம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்கம் ஒரு பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சுகர் மேப்பிள் என்கிறார். அதன் விதையை முளைக்கவைத்து, மகள் பிறந்த நினைவாக வீட்டின் முன்னால் ஒரு கன்று நட ஆசை. அது சுகர் மேப்பிள்தானா, எப்படி வளர்ப்பது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விவரங்கள் முக்கியமானவை. தெருவில் மற்ற மேப்பிள்கள் எல்லாம் சிவந்து கொட்டிவிட்டன, உங்கள் மரம் மட்டும் அக்டோபர் கடைசியிலும் பச்சையாக நிற்கிறது என்கிறீர்கள். விதையின் இரண்டு இறக்கைகளும் விமானச் சிறகு மாதிரி நேராக விரிந்திருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் நார்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், இந்த மண்ணின் மரம் அல்ல. அப்படியானால் அதன் விதையைத் தயவுசெய்து முளைக்கவைக்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மரத்தில் இன்னும் பச்சையாக இருக்கும் இலை ஒன்றைக் காம்போடு பறியுங்கள். கீழே விழுந்து காய்ந்த இலை உதவாது. காம்பு கிளையோடு ஒட்டியிருந்த நுனியிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி ஒடித்து, ஒடித்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். நார்வே மேப்பிள் என்றால் வெள்ளையாகப் பால் கசியும். எருக்கஞ்செடி மாதிரி வழிந்து கொட்டாது. ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத வெள்ளை. சுகர் மேப்பிளில் வருவது தெளிந்த நீர் மாதிரி இருக்கும். குளிர் ஏறியபின் பால் சுரப்பது குறைந்துவிடும், அதனால் நான்கைந்து காம்புகளை ஒடித்துப் பாருங்கள். ஒன்றில் பால் வந்தாலும் போதும்.

பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு இலைகளும் ஐந்து மடல் கொண்டவை, உருவத்தில் அக்கா தங்கை போல இருப்பவை. 2012 நவம்பரில் கனடா வங்கி பிளாஸ்டிக் 20 டாலர் நோட்டை வெளியிட்டபோது, அதில் இருக்கும் இலை நார்வே மேப்பிளின் இலை போல இருக்கிறதே என்று அடுத்த சில மாதங்களில் ஒரு தாவரவியலாளர் சுட்டிக்காட்டினார். பல இனங்களைக் கலந்து வரைந்த இலை அது என்று வங்கி பதில் சொன்னது. 1965 பிப்ரவரி 15 அன்று ஏறிய கனடாக் கொடியில் இருக்கும் 11 முனை இலையும் வரைந்து எடுத்த வடிவம்தான். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை அடையாளம் காண முடியாது.

சரி, மேப்பிள்களைப் பிரித்தறிவது எப்படி? முதலில் அது மேப்பிள்தானா என்று பார்க்க ஒரு வழி: கிளைகளும் இலைகளும் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கவேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வந்தால் அது மேப்பிள் அல்ல. அப்புறம் இலை. சுகர் மேப்பிள் இலையின் விளிம்பு வழுவழுப்பாக, ரம்பப்பல் இல்லாமல் இருக்கும். இரண்டு மடல்களுக்கு இடையே உள்ள பள்ளம் ஒரு கிண்ணத்தின் அடி போல உருண்டு வளைந்திருக்கும். ரெட் மேப்பிளில் அந்தப் பள்ளம் கூர்மையாகக் கத்தரித்தது போல இருக்கும், விளிம்பு முழுக்கப் பற்கள். சில்வர் மேப்பிளின் இலை நடு நரம்பை நோக்கி ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். காற்று அடித்து இலை திரும்பினால் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி பளிச்சிடும். மனிடோபா மேப்பிளை முதலில் பார்க்கிறவர்கள் மேப்பிள் என்றே நம்பமாட்டார்கள், ஏனென்றால் அதில் ஒரே காம்பில் மூன்று முதல் ஏழு சிற்றிலைகள் இருக்கும். கனடாவுக்குச் சொந்தமான மேப்பிள்கள் 10 இனங்கள். ஆனால் நம் பக்கத்துத் தெருக்களில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இவைதான்.

இலை இல்லாத மாதங்களில் மொட்டைப் பாருங்கள். எனக்கு இதுதான் மிகப் பிடித்த வழி. பனிக்காலத்தில் சுகர் மேப்பிளின் சிறு கிளை பளபளக்கும் பழுப்பு நிறத்தில் இருக்கும். நுனி மொட்டு ஒல்லியாக, சீவிய பென்சில் முனை மாதிரிக் கூராக இருக்கும். உற்றுப் பார்த்தால் மீன் செதில் போல அடுக்கடுக்காகப் பழுப்புச் செதில்கள் தெரியும். நார்வே மேப்பிளின் மொட்டு குண்டு, செதில்கள் சில மட்டுமே, பச்சையும் கருஞ்சிவப்பும் கலந்த நிறம். ரெட் மேப்பிளில் சின்னச் சின்ன சிவப்பு உருண்டைகள் கொத்தாக இருக்கும். சில்வர் மேப்பிளிலும் மொட்டு சிவப்புதான், ஆனால் கிளையை நசுக்கி முகர்ந்தால் ஒரு கெட்ட வாடை வரும். பட்டையிலும் வித்தியாசம் உண்டு. முதிர்ந்த சுகர் மேப்பிளின் பட்டை நீளநீளமான தகடுகளாகப் பிளந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நார்வே மேப்பிளின் பட்டையில் நெருக்கமான வரிகள் ஒரே சீராக ஓடும்.

விதையையும் சொல்லிவிடுகிறேன். சுகர் மேப்பிளின் இரட்டை விதைகள் குதிரை லாடம் மாதிரிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், செப்டம்பர் அக்டோபரில் முற்றும். ரெட் மேப்பிளும் சில்வர் மேப்பிளும் வசந்தம் முடியும் முன்பே விதையைக் கொட்டிவிடும். அந்த விதைகளுக்கு உறக்கம் பெரும்பாலும் கிடையாது, விழுந்த கொஞ்ச நாளிலேயே முளைக்கும்.

இன்னொன்று, மேப்பிளைத் தாவரவியலாளர்கள் இப்போது வைத்திருக்கும் குடும்பம் நமக்கு அந்நியமானது அல்ல. பூந்திக்கொட்டை, லிச்சி, ரம்புட்டான், தோசைமாவில் அரைத்துச் சேர்க்கும் முடக்கத்தான் எல்லாம் அதே குடும்பம்தான்.

இப்போது நார்வே மேப்பிளின் விதை ஏன் வேண்டாம் என்பது. அந்த மரம் 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டில் டச்சு எல்ம் நோய் தெரு ஓரத்து எல்ம் மரங்களை வாரிக்கொண்டு போனபோது, அந்த வெற்றிடத்தை நிரப்ப நகரங்கள் நார்வே மேப்பிளை வரிசை வரிசையாக நட்டன. புகை, களிமண், இறுகிய மண் எதையும் தாங்கும், சீக்கிரம் வளரும். நகரத்துக்கு ஏற்ற மரம் என்று நினைத்ததில் தவறில்லை. ஆனால் அதன் விதைகள் காற்றில் பறந்து நம் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் போய்விட்டன. அடர்ந்த நிழல், மேலாக ஓடும் வேர். அதன் கீழே புல்லே சரியாக வராது, பிறகு டிரில்லியம் மாதிரி வசந்தகாலக் காட்டுப் பூக்கள் எங்கே வரும்? ஹைலேண்ட் கிரீக் ஓடை ஓரமாக நடந்து பாருங்கள். சுகர் மேப்பிள் நாற்றுகள் நிற்கவேண்டிய இடத்தில் பால் வடியும் நாற்றுகள் நிற்பது தெரியும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது. காடு இருக்கும், பச்சையாகவும் இருக்கும், ஆனால் அது வேறு காடு.

ஆகவே மகளுக்கு உண்மையான சுகர் மேப்பிள் ஒன்றை வேறு இடத்திலிருந்து கொண்டுவருவோம். ஆனால் வீட்டின் முன்னால் வேண்டாம் என்பதுதான் என் அழுத்தமான ஆலோசனை. சுகர் மேப்பிளுக்கு உப்பு ஆகாது. தெருவில் தூவும் உப்பு, உங்கள் டிரைவ்வேயில் தூவும் உப்பு, அள்ளிக் குவிக்கும் பனியோடு வரும் உப்பு எல்லாம் வேருக்கு இறங்கும். சில வருடங்களில் கோடையில் இலை ஓரங்கள் கருகத் தொடங்கும். வண்டி ஏறி இறங்கி இறுகிய மண்ணும் அதற்குப் பிடிக்காது. பின்பக்கம், வீட்டுச் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டராவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். முழுதாக வளர்ந்தால் 20 மீட்டரைத் தாண்டி உயரும், அகலமும் 12 மீட்டருக்குக் குறையாது. நார்வே மேப்பிளின் நிழல் விழாத மூலை ஒன்று இருந்தால் நல்லது. கன்றுப் பருவத்தில் சுகர் மேப்பிள் நிழலைத் தாங்கும், ஆனால் அந்தப் பெரிய மரத்தின் வேரோடு தண்ணீருக்குப் போட்டிபோட முடியாது.

உங்கள் பின்பக்கம் எப்போதும் ஈரம் தேங்கும் இடம் என்றால் ரெட் மேப்பிளை யோசிக்கலாம், ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்குப் புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும். இங்கே வீடுகளைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் சுண்ணாம்புத்தன்மை உள்ள களிமண். அதில் ரெட் மேப்பிளுக்கு மாங்கனீஸ் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வெளிறிப்போகும். சில்வர் மேப்பிள் வேகமாக வளரும், ஆனால் புயலில் கிளை முறியும். சிறிய தோட்டத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

விதையிலிருந்துதான் வளர்க்கவேண்டும் என்றால், வளர்க்கலாம், அழகான வேலை. நண்பர் ஒருவரின் பண்ணையிலோ, நீங்கள் உறுதியாக அடையாளம் கண்ட தெருவோர மரத்தின் கீழோ பொறுக்குங்கள். ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவுக்குள் பொறுக்காதீர்கள், அங்கிருந்து எதையும் எடுக்க அனுமதி இல்லை. ஜோடி விதைகளில் பெரும்பாலும் ஒன்றுக்குள்தான் பருப்பு இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒன்று கெட்டியாக இருக்கும், மற்றது தட்டையாக அமுங்கும். கெட்டியானவற்றை மட்டும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணலில் கலந்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரம் போதும்.

சுகர் மேப்பிள் விதையின் அதிசயம் இங்கேதான் இருக்கிறது. மற்ற விதைகள் குளிரில் உறங்கி வெப்பத்தில் விழிக்கும். இது குளிரிலேயே விழிக்கும். உறைநிலைக்குச் சற்று மேலே, ஒரு டிகிரி இரண்டு டிகிரியில்தான் மிக நன்றாக முளைக்கும். காட்டில் பனி உருகும்போதே வேர் விட்டுவிடுவது இதனால்தான். இரண்டு மாதம் கழித்து வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பாருங்கள். நான் முதல் தடவை திறந்தபோது, கறுத்த ஈர மணலில் ஆறு விதைகள் வெடித்து, அரிசி நீளத்துக்கு வெள்ளை வேர் கீழ்நோக்கி வளைந்திருந்தது. பக்கத்தில் தயிர் டப்பா, மேலே கொத்தமல்லிக் கட்டு, நடுவில் ஒரு காடு. வேர் தெரிந்ததும் ஆழமான தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மண்ணுக்குள் நட்டு, வெளியே கடும் உறைபனி நிற்கும்வரை குளிர்ந்த, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதல் வருடம் ஒரு சாண் வளர்ந்தால் சந்தோஷப்படுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றால் இந்த இலையுதிர் காலத்திலேயே வெளியே பாத்தியில் விதைத்து, அணில் தோண்டாமல் மேலே கம்பி வலை போடலாம்.

கன்றாக வாங்குவதென்றால், உள்நாட்டு மரங்களை ஒன்டாரியோ விதையிலிருந்து வளர்க்கும் நர்சரியைத் தேடுங்கள். வாங்கும்போது ஏசர் சக்காரம் என்ற தாவரப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'ஆட்டம் பிளேஸ்' என்று விற்பது ரெட் மேப்பிளும் சில்வர் மேப்பிளும் சேர்ந்த கலப்பினம். 'கிரிம்சன் கிங்' என்ற கருஞ்சிவப்பு இலை மரம் நார்வே மேப்பிளேதான். உயரமான மரமாக வாங்கினால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் இடுப்பளவுக் கன்று வேர் பிடித்துச் சில வருடங்களில் பெரிய மரத்தை எட்டிப்பிடித்துவிடும்.

நடும்போது ஒரே ஒரு தவறைச் செய்யாமல் இருந்தால் பாதி வெற்றி. அதை நான் செய்திருக்கிறேன், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு கடையில் தொட்டியில் இருந்த, என்னைவிடச் சற்று உயரமான சுகர் மேப்பிளை வாங்கி, தொட்டியில் இருந்த மண் மட்டத்துக்கே குழி தோண்டி வைத்தேன். ஆறு வருடம் நன்றாக வளர்ந்தது. ஏழாவது கோடையில் ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் ஆகஸ்டிலேயே சிவந்தன. அழகாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் படம் எடுத்தோம். மறு வருடம் அந்தக் கிளைகளில் இலையே வரவில்லை. அடிமண்ணைக் கையால் பறித்துப் பார்த்தேன். தண்டு வேராக விரியும் தூர்ப்பகுதி ஒரு சாண் ஆழத்தில் புதைந்து கிடந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு வேர், கயிறு கட்டினது போல மரத்தின் கழுத்தைச் சுற்றி, பட்டைக்குள்ளேயே அழுந்தியிருந்தது. தொட்டிக்குள் இருந்த காலத்திலேயே வளையமாகச் சுற்றிய வேர் அது. மரம் பருக்கப் பருக்க அதுவே இறுக்கிக்கொன்றது.

எனவே தொட்டியிலிருந்து எடுத்ததும் மேல் மண்ணை விரலால் விலக்கி, தூர் எங்கே விரிகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடம் நட்டபின் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரியவேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் வேர்களைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். குழி வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. தோண்டிய அதே மண்ணைத் திரும்பப் போடுங்கள், உரமோ வாங்கிய மண்ணோ குழிக்குள் வேண்டாம். குழிக்குள் மட்டும் சுகமான மண் இருந்தால் வேர் வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். மேலே மரச்சிராய் மூடாக்கு நான்கு விரல் உயரத்துக்குப் போட்டு, தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விடுங்கள். தண்டைச் சுற்றி எரிமலை மாதிரிக் குவித்து வைக்கும் வழக்கம் இங்கே எல்லா இடத்திலும் இருக்கிறது. அது பட்டையை அழுகவைக்கும். தோண்டுவதற்கு முன் 'ஒன்டாரியோ ஒன் கால்' என்ற சேவையைக் கூப்பிடுங்கள், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

நடுவதற்கு நல்ல நேரம் மண் இளகியபின் ஏப்ரல் கடைசி, மே. அல்லது செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு, மழை இல்லாத வாரத்தில் 40 லிட்டர் அளவு தண்ணீரை மெதுவாக இறங்கும்படி ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது பயன் தராது. நவம்பரில் தண்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கம்பி வலை கட்டுங்கள். முயலும் வயலெலியும் பனிக்காலத்தில் பட்டையை வட்டமாகக் கடித்துவிட்டால் மரம் பிழைக்காது.

சிரப் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மகளுக்கு முப்பது, நாற்பது வயது ஆகும்போது எடுக்கலாம். நெஞ்சு உயரத்தில் தண்டின் குறுக்களவு 25 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும், அதற்கு அவ்வளவு காலம் ஆகும். இரவு உறைநிலைக்குக் கீழும் பகல் மேலும் போய்வரும் பிப்ரவரி கடைசி, மார்ச் நாட்களில்தான் சாறு இறங்கும். பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். மேப்பிள் சாற்றில் இரண்டு மூன்று சதவீதம்தான். அதனால்தான் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அனிஷினாபே, ஹோடினோஷோனி பூர்வகுடி மக்கள் இதைச் செய்துவந்தார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், மார்ச்சில் ஸ்டௌஃப்வில் பக்கம் புரூசஸ் மில் பூங்காவுக்கு மகளைக் கூட்டிப்போனால் காய்ச்சுவதைப் பார்க்கலாம். மரம் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்க ஆசை வந்தால் நயாகரா பகுதியில் பெல்ஹமுக்குப் போங்கள். அங்கே கம்ஃபர்ட் மேப்பிள் என்ற சுகர் மேப்பிளுக்கு ஏறக்குறைய 500 வயது என்கிறார்கள்.

உங்கள் பழைய நார்வே மேப்பிளை வெட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிலையில் இருந்தால் நிற்கட்டும், நிழல் தருகிறது. வெட்ட நினைத்தாலும், 30 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள மரத்துக்கு டொராண்டோ நகராட்சியின் அனுமதி வேண்டும். இலையில் தார் ஒட்டினது போலக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் பயப்படாதீர்கள். அது ஒரு பூஞ்சை, மரத்தைக் கொல்லாது, உதிர்ந்த இலையை அள்ளிவிட்டால் போதும். ஒவ்வொரு மே மாதமும் அதன் கீழே நூற்றுக்கணக்கில் நாற்று முளைக்கும். இரண்டு இலைப் பருவத்தில் கையால் பிடுங்கினாலே வந்துவிடும், மழை பெய்த மறுநாள் செய்யுங்கள். மகளின் கன்று நிற்கும் தொட்டியிலும் ஒன்று வந்து முளைக்கலாம். எது எது என்று சந்தேகம் வந்தால், ஒரு இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள்.